கிடங்கில் யாரும் இல்லை

ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் பக்கத்து உருளைக்கிழங்குக் கிடங்குகள் எல்லாம் காலியாகக் கிடக்கும். போன வருடத்துக் கிழங்கின் கடைசி லோடு ஜூனிலேயே போயிருக்கும். புதுக் கிழங்கு செப்டம்பர் பாதிக்கு மேல்தான் வரும். நடுவில் கதவுகளைத் திறந்துபோட்டுக் காயவிடுவார்கள். எவ்வளவு காய்ந்தாலும் உள்ளே போனதும் மண்ணும் இனிப்பும் கலந்த ஓர் அழுகல் வாசனை தொண்டையில் வந்து உட்காரும். கட்டடம் பாதி நிலத்துக்குள் இருக்கும், பாதி வெளியே. மேலே வளைந்த தகரம், அதன்மேல் வைக்கோல், அதன்மேல் மண். வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சையாகிவிடும் என்பதால் ஊசித் துளைகூட விடமாட்டார்கள். நண்பகலில் கதவைச் சாத்தினால் நம் கையே நமக்குத் தெரியாது.

அதனால்தான் எங்கள் துப்பாக்கி கிளப் வருடத்துக்கு ஒருமுறை வெர்ல் என்பவரின் கிடங்கில் இருட்டுப் போட்டி வைக்கும். சுவரோரங்களிலும் நடுவிலும் அட்டை மனிதர்களை நிறுத்தி, தர்மத்துக்கு வந்த பழைய சட்டைகளை அவற்றுக்கு மாட்டிவிடுவார்கள். சில அட்டைகளின் கையில் துப்பாக்கி வரைந்திருக்கும். சிலவற்றுக்கு விரித்த வெறுங்கை. வெறுங்கைக்காரனைச் சுட்டால் மதிப்பெண் போய்விடும். டைமர் கூவிய பிறகுதான் டார்ச்சைப் போட வேண்டும். மற்றப் போட்டிகளில் ஐந்து நிமிடம் முன்கூட்டியே நடந்து பார்த்து, எது எங்கே இருக்கிறது என்று மனப்பாடம் செய்துகொள்ள விடுவார்கள். இதில் அது கிடையாது. பயிற்சிக்கு ஒரு வரிசை, போட்டிக்கு வேறு வரிசை.

வெர்லுக்கு எழுபது வயது. கிடங்கு அவருடைய அப்பா காலத்தது. பள்ளிப் பேருந்துப் பட்டறையும், எந்தப் பேருந்தை யார் ஓட்டுவது என்பதும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. எங்கள் ஊரில் ஒருவருக்கு ஒரு வேலை என்று வைத்தால் ஊர் நடக்காது. நான் பகலில் கிழங்கு தரம் பிரிக்கும் ஷெட்டில் வேலை செய்தேன். வாரத்தில் இரண்டு நாள் மாலை வகுப்பு, பல் மருத்துவ உதவியாளர் படிப்பு. சனிக்கிழமை கிளப்பில் மதிப்பெண் எழுதுவேன். சுடத் தெரியாது. எண்ணியதையே மூன்று தடவை எண்ணுவேன். மூன்று தடவையும் ஒரே எண் வந்தாலும் எங்கோ தப்பு செய்திருக்கிறேன் என்றே தோன்றும்.

ஆரின் பெக்ஸ்டெட், ஜெனீல் தம்பதியின் வீட்டுக் கீழ்த்தளத்தில் நான் குடியிருந்தேன். வந்த அன்று ஆரின் ஒரே ஒரு விதி சொன்னான்.

"லிண்டி, எடுத்த சாமானை எடுத்த இடத்துலயே வை. நாற்காலியக்கூட நகத்தாத."

ஒழுங்கான மனிதன் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் சமையலறையில் நாற்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுவிட்டுக் கீழே போனேன். சத்தம் கேட்டு ஓடிவந்தால் ஜெனீல் தரையில் கிடந்தாள். பட்டப்பகல், ஜன்னல் வழியாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது. "காலைக் கவனிக்கல," என்று சிரித்தபடி எழுந்தாள். ஆரின் சிரிக்கவில்லை. நாற்காலியை எடுத்து, தரையில் அதன் கால்கள் பதிந்திருந்த அடையாளத்தின் மேலேயே திரும்ப வைத்தான்.

ஜெனீல் பதினாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். பதினேழாம் எண். நாற்பத்திரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் பக்கத்திலிருந்து வரும், எந்தப் பிள்ளையின் நாய் பின்னாலேயே ஓடிவரும் என்று அவளுக்குத் தெரியும். கிளப்பில் மூன்று தடவை கோப்பை வாங்கியவள். அந்த வருடம் மே மாதத்திலிருந்து நான்கு டார்ச் மாற்றியிருந்தாள்.

துப்பாக்கியின் குழலுக்குக் கீழே மாட்டுகிற சின்ன டார்ச்தான். ஆனால் அதை மாற்றினால் அதோடு முடியாது. இடுப்பில் கட்டுகிற உறை, துப்பாக்கியையும் டார்ச்சையும் சேர்த்து அளவெடுத்துச் செய்வது. டார்ச் கால் அங்குலம் பெருத்தாலும் பழைய உறை குப்பைக்குத்தான். ஆரினுக்கு உறை செய்வதே தொழில். கராஜில் பழைய பீட்சா அடுப்பு ஒன்று வைத்திருந்தான். அதில் பிளாஸ்டிக் தகட்டை நமத்துப்போன அப்பளம்போலத் துவள விட்டு, நீல நிற டம்மித் துப்பாக்கியின் மேல் போர்த்தி, இரண்டு நுரைமெத்தைக்கு நடுவே வைத்து அழுத்துவான். ஆறியதும் ஓரங்களை ராவி, துணிச்சக்கரத்தில் பளபளப்பாக்குவான். ஜெனீலின் நான்கு உறைகளும் சுவரில் ஆணியில் தொங்கின. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் வாய் அகன்றது.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஐந்தாவது டார்ச் வந்தது. மலைப்பக்கம் காடு எரிந்துகொண்டிருந்ததால் மாலை நான்கு மணிக்கே சூரியன் சிவப்புப் பொத்தான் போலத் தொங்கியது. கராஜ் தரையெல்லாம் பழுப்பு வெளிச்சம்.

"இது அஞ்சாவது," என்றான் ஆரின், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. "கல்யாணப் பொண்ணுகூட இத்தனை தடவை அளவு குடுக்க மாட்டா."

"போனது நல்லாத்தான் இருந்துது. வெளிச்சம் குழாய்ல ஊத்தின மாதிரி நேரா போகுது. எனக்கு அகலமா வேணும்," என்றாள் ஜெனீல்.

"அகலமா வேணும்னுதான் மூணாவது வாங்கின. அப்புறம் தூரம் போகலன்ன."

"போகலதான்."

"அப்ப அகலமாவும் இருக்கணும், தூரமாவும் போகணும். சூரியனைத்தான் கழட்டிக்கிட்டு வந்து மாட்டணும்."

"உன்னால முடியலன்னா சொல்லு. ஊருல வேற ஆளைப் பாத்துக்கறேன்."

"உறைக்கா, புருஷனுக்கா?"

"ரெண்டுக்கும்தான். சேத்து எடுத்தா விலை குறைப்பான்."

வலது மூலையில் கதவோரம் உட்கார்ந்து லிட்டர் கணக்கில் எலுமிச்சை சோடா குடித்துக்கொண்டிருந்த வெர்ல் புரையேறிச் சிரித்தார். தேவாலயத்து வழக்கப்படி அவளைச் சகோதரி என்பார். "சகோதரி பெக்ஸ்டெட், நான் சொல்றதக் கேளு. பெரிய வெளிச்சம் பெரிய தொந்தரவு. என் கிடங்குல அறுபது வருஷத் தூசி இருக்கு. நாலு குண்டு போட்டதும் எழும்பி நிக்கும். வெளிச்சம் ஜாஸ்தியானா அது அப்படியே வெள்ளைச் சுவராட்டம் உன் முகத்துலயே திருப்பி அடிக்கும். சின்ன டார்ச்சா வெச்சுக்கோ."

"உங்க துப்பாக்கியில இருக்கறது டார்ச்சா? அதுல எலி கல்யாணம்கூட நடத்த முடியாது."

"எலி வந்து புகார் சொல்லட்டும், பாக்கலாம்."

அவள் சிரித்தாள். அவர் கராஜின் வலது மூலையிலிருந்து எழுந்து இடது பக்கம் போய்விட்டதை அவள் கவனிக்கவில்லை. காலி மூலையைப் பார்த்தபடியே அடுத்த வார்த்தையைச் சொன்னாள். ஆரின் தகட்டை அடுப்பிலிருந்து எடுத்தான். முகத்தில் சூடு அடித்ததோ என்னவோ, கண்ணைச் சுருக்கிக்கொண்டான்.

புதன்கிழமை பயிற்சி. கிடங்கின் வாசலில் தார்ப்பாயை இறக்கிவிட்டு உள்ளே நானும் ஜெனீலும் ஆரினும் மட்டும். வெளியே முப்பத்தெட்டு டிகிரி, உள்ளே எலும்பில் ஏறும் குளிர். தரைக்கடியில் போகும் காற்றுக் குழாய்கள் விசிறி ஓடாவிட்டாலும் உம்மென்று ஒரு சத்தம் வைத்துக்கொண்டிருக்கும். டைமர் கூவியதும் டார்ச் எரியும், சட்டை போட்ட ஆட்கள் ஒவ்வொருவராகத் தோன்றுவார்கள், வெடிச்சத்தம் தகரத்தில் உருளும், பிறகு திரும்ப எதுவுமே இல்லாத இருட்டு. கடைசியாகப் பார்த்த சட்டைகள் மட்டும் கண்ணுக்குள் பச்சையாகக் கொஞ்ச நேரம் நிற்கும்.

ஐந்து டார்ச்சையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். ஆரின் ஒன்றின் கண்ணாடியில் மங்கலான ஒட்டுத்தாளை ஒட்டி வெளிச்சத்தைப் பரப்பியிருந்தான். துப்பாக்கியின் முன்குறியில் ஆரஞ்சு நிறம் பூசியிருந்தான். டார்ச்சின் பொத்தானை விரல் தேடாமல் இருக்க அதில் மணல்தாள் துண்டு ஒட்டியிருந்தான்.

கடைசிச் சுற்று முடிந்து டார்ச் அணைந்தது.

"அந்த மின்மினி இன்னிக்கும் வந்திருக்கு," என்றாள் ஜெனீல்.

"எங்க?" என்றேன்.

"ஓரத்துல. ரெண்டு பக்கமும். திரும்பிப் பாத்தா ஓடிடும்."

எங்கள் பக்கத்தில் மின்மினி கிடையாது. நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். இருந்தும் கண் வலிக்கும்வரை இருட்டைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஆரின் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று தெரியவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன் தார்ப்பாயைத் தூக்கி வெளியே போனான்.

அன்று இரவு மதிப்பெண் தாள்களைக் கட்டிலில் பரப்பிவைத்தேன். வகுப்பில் முப்பத்திரண்டு பல்லுக்கும் எண் போட்டு, சொத்தை எங்கே என்று குறிக்கிற மாதிரி, கிடங்கின் படம் வரைந்து ஜெனீல் தவறவிட்ட அட்டைகளுக்குச் சிவப்புப் புள்ளி வைத்தேன். டார்ச் ஐந்து வகை, ஆனால் புள்ளிகள் ஒரே இடத்தில் விழுந்தன. நூற்றைம்பது அடி தள்ளிக் கடைசியில் நின்ற அட்டையை அவள் ஒரு தடவைகூடத் தவறவிடவில்லை. தவறியதெல்லாம் பக்கத்தில், சுவரோரத்தில், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தவை. தப்பாக வரைந்திருப்பேன் என்று கிழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். மறுபடியும் அதேதான் வந்தது.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்து வந்தபோது கராஜில் விளக்கெரிந்தது. ஆரின் ஐந்தாவது உறையின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஜெனீல் தேவாலயத்துச் சாப்பாட்டுக்குச் சீஸ் போட்ட கிழங்கு செய்து எடுத்துக்கொண்டு போயிருந்தாள். நான் படத்தை நீட்டினேன்.

"நான் தப்பா எண்ணியிருக்கலாம்," என்றேன்.

அவன் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. "தப்பா எண்ணியிருக்க மாட்ட."

"உங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டு வருஷமா." சக்கரத்தை நிறுத்தினான். வெளியே வயலில் தண்ணீர்த் தெளிப்பான்கள் டிக்டிக்கென்று சுற்றும் சத்தம் கேட்டது. "ஜெனீலோட அப்பாவுக்கு அப்ப அம்பது வயசு. செப்டம்பர் மாசம், பொழுது இறங்கற நேரம். பொறந்ததுலருந்து நடந்த கரை. நேரா பெரிய வாய்க்காலுக்குள்ள நடந்து போயிட்டாரு. குடிச்சிருந்தாருன்னு ஜனங்க பேசினாங்க. காப்பியே தொடாத மனுஷன். அதுக்கு முந்தின வாரம் கரையில மின்மினி பறக்குதுன்னு வீட்டுல சொன்னாராம்."

கிடங்கில் அவள் சொன்ன மின்மினி ஞாபகம் வந்தது.

"டாக்டர்கிட்ட..."

"வருஷா வருஷம் லைசன்ஸுக்குப் போறா. எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படிச்சிடறா. நேரா இருக்கறது எல்லாம் தெரியுது, லிண்டி. ரெண்டு பக்கமும்தான் ஆளே இல்ல."

"திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது," என்றேன். "பிள்ளைங்க பஸ்ஸுக்கு முன்னால குறுக்கதான் வரும்."

"தெரியும்."

"அப்ப ஏன் அவங்ககிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? சொன்னா அவ கண்ணை நானே தோண்டி எடுத்த மாதிரி. அவ டார்ச் கேட்டா, செஞ்சு குடுத்தேன். நாற்காலியை நகத்தாம பாத்துக்கிட்டேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்." உறையை ஆணியில் மாட்டினான். "சனிக்கிழமை முடியட்டும். ஞாயித்துக்கிழமை சொல்றேன்."

சொல்லமாட்டான் என்று எனக்குத் தோன்றியது. நான் வெர்லிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். இன்னொருவர் வீட்டு விஷயம், அதுவும் என் எண்ணிக்கையை நம்பி. வெள்ளிக்கிழமை முழுக்க ஷெட்டில் கிழங்கைப் பொறுக்கியபடி, பேருந்தின் இடப்பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை வருவதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். புகை இன்னும் இறங்கியிருந்தது. பகல் பதினொரு மணிக்கு ஊர் முழுக்கக் காகிதம் கருகிய நிறம். வெர்லின் மனைவி பொரித்த உருளையும் இளஞ்சிவப்பு சாஸும் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மூன்று பேர் நெற்றி விளக்கோடு உள்ளே போய் அட்டைகளின் ஓட்டைகளுக்கு டேப் ஒட்டிவிட்டு வருவார்கள். அவர்கள் வந்ததும், அடுத்துச் சுடப்போகிறவர் துப்பாக்கி காலியாக உறையில் இருக்க, கையில் ஒரு டார்ச்சோடு கடைசிவரை நடந்து பார்த்துத் திரும்பிவந்து "காலி" என்று சொல்ல வேண்டும். விசையை அழுத்தப்போகிற ஆளே பார்க்க வேண்டும் என்பது எங்கள் கிளப்பின் வழக்கம். அப்போது எதிரில் யாராவது இருந்தால் தங்கள் விளக்கை உடனே அணைத்துவிடுவார்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கெடுத்தால் அது பெரிய அவமரியாதை.

ஜெனீலின் முறை வந்தது. அதற்கு முன்னால் டேப் ஒட்ட ஆரினும் இன்னும் இரண்டு பேரும் உள்ளே போனார்கள். உள்ளே மூன்று என்று எழுதினேன். ஒருவர் வந்தார். இன்னொருவர் வந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் தன் மதிப்பெண்ணைக் கேட்டு என் தோளைத் தட்டினான். திரும்பிப் பார்த்தபோது ஜெனீல் தார்ப்பாயைத் தூக்கி உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.

இரண்டு நிமிடத்தில் திரும்பிவந்தாள்.

"காலி," என்றாள்.

வெர்ல் டைமரை எடுத்தார். "தோட்டா போட்டுக்கோ, சகோதரி."

நான் தாளைப் பார்த்தேன். மூன்று உள்ளே, இரண்டு வெளியே. தோளைத் தட்டியபோது மூன்றாமவன் வந்திருக்கலாம். எப்போதும்போல நான்தான் எண்ண விட்டிருப்பேன். கூட்டத்தில் ஆரினின் தொப்பியைத் தேடினேன். புகையில் எல்லாத் தொப்பியும் ஒரே நிறம்.

"ஒரு ஆள் குறையுது," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"யாரு?"

"ஆரின்."

"லிண்டி, நான் இப்பத்தான கடைசி வரைக்கும் போய்ப் பாத்தேன்," என்றாள் ஜெனீல். "ஒரு ஈ காக்கா இல்ல. அவன் சோடா வாங்கப் போயிருப்பான்."

"நான் தப்பா எண்ணியிருக்கலாம். ஆனா இன்னொரு தடவை பாத்துடலாமே."

பின்னால் யாரோ, "பல் எண்ணற பொண்ணுக்கு ஆளை எண்ண வரல," என்றான். சிரித்தார்கள். வெர்ல் மட்டும் டைமரைச் சட்டைப்பைக்குள் போட்டார். "போய்ப் பாத்துட்டு வாங்க ரெண்டு பேரும்."

தார்ப்பாய் பின்னால் விழுந்தது. ஜெனீலின் கையில் டார்ச். வழக்கப்படி நான் என்னுடையதைப் போடவில்லை. வெளிச்சம் நேராகக் கடைசிச் சுவர்வரை போனது. அதன் விளிம்பில் சட்டைகள் மங்கலாக வந்து வந்து போயின. பூப்போட்ட சட்டை, பெட்ரோல் பங்க் சட்டை, கட்டம்போட்ட சட்டை.

கட்டம்போட்ட சட்டைக்கு மேலே ஆரினின் முகம் இருந்தது.

இடது சுவரோரம், இரண்டு அட்டைகளுக்கு நடுவில், நெற்றி விளக்கு அணைந்து, கையில் டேப் உருளையோடு நின்றான். கண் திறந்திருந்தது. என்னையல்ல, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நின்றுவிட்டேன். ஜெனீல் நடந்தாள். அவள் முழங்கை பட்டு அவனுக்கு அடுத்த அட்டையின் சட்டைக்கை அசைந்தது. அவனைத் தாண்டிப் போய்விட்டாள்.

"பாத்தியா?" என்றாள், முன்னால் பார்த்தபடி. "யாரும் இல்ல."

நான் ஆரினின் பக்கத்திலேயே நின்றேன். அவள் நடந்துகொண்டே, நான் பின்னால் வருவதாக நினைத்துத் தணிந்த குரலில் பேசினாள். வளைந்த தகரம் ஒவ்வொரு சொல்லையும் எங்கள் இரண்டு பேருக்கும் கொண்டுவந்தது.

"லிண்டி, உன்கிட்ட ஒண்ணு சொல்றேன், அவன்கிட்ட சொல்லாத. நேத்து ராத்திரி விளக்கை அணைக்கறதுக்கு முன்னால, நான் கூரையைப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்தேன். அவன் என் காதோரத்துலருந்து கையைக் கொண்டுவந்து ஆட்டிப் பாத்தான். எனக்குக் காத்து பட்டுது. கை தெரியல. கண்ணைக்கூட அசைக்காம கிடந்தேன், பாவம், தூங்கறேன்னு நினைச்சுக்கட்டும்னு. திங்கக்கிழமை ஒரு நாள் போயிடட்டும். பதினாறு வருஷமா முதல் நாளை நான் விட்டதே இல்ல."

"ஜெனீல்," என்றான் ஆரின்.

வெளிச்சம் குலுங்கியது. அவள் திரும்பினாள். டார்ச் தடுமாறி, சட்டை சட்டையாகத் தேடி, அவன் முகத்தில் வந்து நின்றது. அவன் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

"எப்ப வந்த?"

"வரல. இங்கயேதான் இருக்கேன். நீ வர்றதப் பாத்துதான் விளக்கை அணைச்சேன். நீ என்னைப் பாப்பன்னு நின்னேன். தாண்டிப் போன. கூப்பிட வாயைத் திறந்தேன், வரல. திரும்பி வர்றப்பவும் தாண்டிப் போன. வெளிய போய்க் காலின்னு சொன்னது கேட்டுது."

"துப்பாக்கியில தோட்டா போடச் சொன்னாரு வெர்ல்."

"அதுவும் கேட்டுது."

"கேட்டும் நின்னியா?"

"கால் நகரல, ஜெனீல்."

காற்றுக் குழாய்கள் உம்மென்றன. பிறகு அவனுக்கு முன்னால் நாலைந்தடி தள்ளிவந்து, கிடங்கின் கடைசியைப் பார்த்தபடி நேராக நின்றாள். டார்ச்சை நெஞ்சோடு பிடித்து அதையும் நேராகவே வைத்தாள்.

"சுவர்லருந்து என்னைப் பாத்து நட. தெரியறப்ப நில்லுன்னு சொல்றேன்."

அவன் நடந்தான். ஒரு எட்டு. இரண்டு. அவன் மூச்சு அவள் கன்னத்தில் படுகிற தூரத்தில் வந்தபோது, "நில்லு," என்றாள். எட்டிப் பார்த்தேன். அவன் தொப்பியின் முனை கிட்டத்தட்ட அவள் மூக்குக்கு நேராக இருந்தது.

"மறுபடி போ. இப்பக் குனிஞ்சு வா. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை உயரத்துக்கு."

"ஜெனீல், போதும்."

"வாடா."

அவன் சுவருக்குப் போய் மண்டியிட்டான். முழங்காலால் மண்தரையில் நகர்ந்து வந்தான். எனக்கு அவன் முழுசாகத் தெரிந்தான், சட்டையின் கட்டம், தொப்பி, கன்னத்தில் தூசியோடு ஓடிய ஈரம், எல்லாம். ஜெனீல் இமைக்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நில்லு என்று சொல்வாள் என்று நானும் அவனும் காத்திருந்தோம். அவன் தலை அவள் இடுப்பில் வந்து முட்டியது.

அவள் கை கீழே இறங்கி, தேடி, அவன் தொப்பியைக் கண்டுபிடித்தது.

"என்னம்மா, காலியா?" என்று வெளியிலிருந்து வெர்ல் கத்தினார்.

சுடப்போகிறவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

"இல்ல, வெர்ல்," என்றாள் ஜெனீல். "ஆள் இருக்கு." பிறகு அதே குரலில், "திங்கக்கிழமை பதினேழாம் நம்பர் பஸ்ஸுக்கு வேற ஆளைப் போடுங்க."

"என்னது? கேக்கல."

அவள் மூச்சை இழுத்துக்கொண்டு அதை இன்னொரு தடவை சொன்னாள்.